குரூஸ் கன்ட்ரோல் பிடிக்கவில்லையா? ஈசியூவை மாற்றுவதற்கு முன் பெடலுக்கு மேலே பாருங்கள்

குளச்சல் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீடு கடற்கரையை ஒட்டி, வண்டி நிற்பது திறந்த வெளியில். 2012 மாடல் டீசல் எஸ்யூவி, மேனுவல் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வேலை விஷயமாக அடிக்கடி சென்னை போய் வருகிறார். ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே ஒரே வேகத்தில் வண்டியை ஓட்டும் குரூஸ் கன்ட்ரோல், போன ஐப்பசி மழையில் விட்டு விட்டுப் பிடித்ததாம். இப்போது அறவே பிடிப்பதில்லை. மெயின் பட்டனை அழுத்தினால் மீட்டரில் குரூஸ் விளக்கு எரிகிறது. செட் பட்டனை அழுத்தினால்தான் ஒன்றும் நடப்பதில்லை. பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட் எரிகிறது, விட்டால் அணைகிறது. மீட்டரில் இஞ்சின் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு எதுவும் வரவில்லை. ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, "ஈசியூ போயாச்சுண்ணே, மாத்தணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவை மாற்றலாமா என்பது கேள்வி.

தம்பி, இப்போதைக்கு மாற்றவே மாற்றாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து இஞ்சினுக்குக் கேபிள் போகவில்லை. பெடலில் இருக்கும் சென்சார், எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை ஈசியூவுக்குச் சொல்கிறது. ஈசியூ அதற்கேற்ப இன்ஜெக்டருக்கு டீசல் அளக்கிறது. குரூஸ் என்று தனியாக மோட்டாரோ பெட்டியோ இந்த வண்டிகளில் கிடையாது. உங்கள் காலுக்குப் பதிலாக ஈசியூவே டீசலைக் கூட்டிக் குறைத்து வேகத்தைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். இஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது, மிதித்தால் வேகம் எடுக்கிறது, புகை இல்லை, விளக்கு இல்லை என்றால் டீசலை அளக்கும் வேலையை ஈசியூ சரியாகச் செய்கிறது என்று பொருள். மற்ற எல்லாம் நன்றாக இருக்க, குரூஸ் மட்டும் போகும்படி ஈசியூ கெடுவது மிக அபூர்வம். கெட்டது பெரும்பாலும் ஈசியூவுக்குத் தகவல் கொண்டு வரும் வழியில் எங்கோ இருக்கும்.

அடுத்து, குரூஸ் கன்ட்ரோலுடைய குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரு சந்தேகப் பிராணி. அப்படித்தான் அதை உருவாக்கியிருக்கிறார்கள். ஓட்டுபவர் கால் வைக்காமலே ஒன்றரை டன், இரண்டு டன் வண்டியை அது இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே பிரேக்கிலோ, கிளட்ச்சிலோ, வேகத் தகவலிலோ சின்ன முரண்பாடு தெரிந்தாலும் அது வேலையை எடுத்துக்கொள்ளாது. பல வண்டிகளில் இதற்கு எச்சரிக்கை விளக்குகூட வராது. எனவே எந்த பாகம் கெட்டது என்று தேடுவதைவிட, ஈசியூவுக்கு எதில் சந்தேகம் வந்தது என்று தேடினால் வேலை சீக்கிரம் முடியும்.

உங்கள் வண்டியில் மெயின் விளக்கு எரிகிறது என்கிறீர்கள். இது நல்ல செய்தி. மெயின் பட்டன் அழுத்திய தகவல் ஸ்டியரிங்கிலிருந்து ஈசியூவரை போய்ச் சேர்கிறது, குரூஸுக்கான ஃபியூஸும் உயிரோடு இருக்கிறது என்று அனேகமாக எடுத்துக்கொள்ளலாம். விளக்கே வராமல் இருந்தால் நான் வேறு இடத்தில் தொடங்கச் சொல்லியிருப்பேன். பிடித்துவிட்டு, பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் விட்டுவிட்டால் அது வேறு கதை. உங்களுடையது விளக்கு வந்தும் செட் ஆகாத வகை. இதில் முதல் குற்றவாளிகள் இரண்டு பேர்: பிரேக் பெடல் சுவிட்ச், கிளட்ச் பெடல் சுவிட்ச்.

"பிரேக் லைட்தான் எரிகிறதே, அப்புறம் சுவிட்சில் என்ன கோளாறு?" என்று எல்லோரும் கேட்பார்கள். மெக்கானிக்குகளும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் சுவிட்ச் பார்க்க ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டு காண்டாக்ட் உண்டு. ஒன்று பெடலை மிதித்தால் சேரும். அதுதான் பின்னால் சிவப்பு விளக்கை எரிய வைக்கிறது. மற்றொன்று அதற்கு நேர் எதிர். பெடல் சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கும், மிதித்தால் பிரியும். ஈசியூ இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. முதல் காண்டாக்ட் "மிதிக்கவில்லை" என்றும் இரண்டாவது "மிதித்திருக்கிறது" என்றும் சொன்னால் எதை நம்புவது? இரண்டையும் நம்பாமல் குரூஸை மறுத்துவிடும். பிரேக் லைட் அழகாக எரிந்துகொண்டிருக்கும். குரூஸ் மட்டும் செத்துக் கிடக்கும். லைட் எரிவதை மட்டும் வைத்து சுவிட்சுக்கு நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

நம் ஊரில் இந்த இரண்டாவது காண்டாக்ட் போவதற்கு உப்புக்காற்று ஒரு பெரிய காரணம். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் நிற்கும் வண்டிகளில் வயர் செருகும் கனெக்டரைக் கழற்றினால் அதன் உலோகப் பின்னில் பச்சையாகக் களிம்பு பூத்திருப்பதைப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. வண்டிக்குள் ஈரம் முழுதாகக் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். பிரேக் லைட்டின் காண்டாக்ட் வழியாகப் பல வண்டிகளில் பல்புக்கான நல்ல கரண்ட் பாய்கிறது. அந்தக் கரண்டே காண்டாக்ட்டை ஓரளவு சுத்தமாக வைத்துக்கொள்ளும். ஈசியூவுக்குப் போகும் காண்டாக்ட்டில் பாய்வது மிகக் குறைந்த கரண்ட். லேசாகக் களிம்பு படிந்தாலே அதற்குப் பாதை அடைபட்டுவிடும். மழை நாளில் விட்டு விட்டுப் பிடித்து, பிறகு அறவே நின்றது என்று நீங்கள் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

அடுத்தது கிளட்ச். கிளட்ச்சை மிதித்தால் குரூஸ் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இஞ்சின் சும்மா அலறும். அதற்காகப் பெடலின் மேல்பகுதியில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். பெடல் மேலே வந்து நிற்கும்போது அந்த சுவிட்சின் குமிழை அழுத்திக்கொண்டு நிற்கும். பல கம்பெனி வண்டிகளில் பெடல் கம்பியில் ஒரு துளையும், அந்தத் துளையில் செருகிய சுண்டுவிரல் நகம் அளவிலான ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பட்டனும் இருக்கும். குமிழைத் தொடுவது அந்தப் பட்டன்தான். பத்து வருஷ வெயிலிலும் புழுக்கத்திலும் அது உளுத்துப்போய் ஒரு நாள் பொடிந்து விழும். பிறகு குமிழ் அந்தத் துளைக்குள் புகுந்துகொள்ளும். பெடல் மேலே இருந்தாலும் "கிளட்ச் மிதித்திருக்கிறது" என்றே ஈசியூவுக்குத் தகவல் போகும். வண்டி ஓட்ட எந்தத் தொந்தரவும் இருக்காது. குரூஸ் மட்டும் பிடிக்காது. ஆகவே எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் டிரைவர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளையாகவோ பழுப்பாகவோ, மிட்டாய் உடைந்ததுபோல் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் பாதி வேலை முடிந்தது. இதே பட்டன் பிரேக் பெடலில் உடைந்தால் பிரேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், காலையில் பேட்டரி படுத்துவிடும். உங்களுக்கு அது இல்லை என்பதால் பிரேக் பக்கத்துப் பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. கிளட்ச் பக்கம் உடைந்தால் வெளியே அப்படி ஒரு அடையாளமும் தெரியாது. அந்தப் பட்டன் உதிரி பாகக் கடையில் தனியாகக் கிடைக்கும், விலையும் பெரிதல்ல.

சரி, எப்படிப் பார்ப்பது? மிகச் சுலபமான வழி, ஈசியூவில் இருக்கும் தகவலைப் படிக்கும் ஸ்கேனர். ஆனால் ஸ்கேனர் போட்டதும் எல்லோரும் ஃபால்ட் கோடைப் படித்து, "கோடு ஒண்ணும் இல்லை" என்று கழற்றிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது கோடு அல்ல, லைவ் டேட்டா, அதாவது ஈசியூவுக்கு அந்த நொடியில் வந்துகொண்டிருக்கும் தகவல். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை ஆன் செய்து, லைவ் டேட்டாவில் பிரேக் சுவிட்ச் 1, பிரேக் சுவிட்ச் 2, கிளட்ச் சுவிட்ச் மூன்றையும் ஒரே திரையில் வைக்கச் சொல்லுங்கள். பெடலைத் தொடாதபோது மூன்றும் "மிதிக்கவில்லை" என்று காட்ட வேண்டும். பிரேக்கை மெதுவாக மிதித்தால் இரண்டு பிரேக் சுவிட்சும் அநேகமாகச் சேர்ந்தே மாற வேண்டும். கிளட்ச்சுக்கும் இதே சோதனை. பிறகு ஒவ்வொரு பெடலையும் பாதத்தின் மேல்பக்கத்தால் லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கியதும் நிலை மாறினால் சுவிட்சின் இடைவெளி சரியில்லை, அல்லது நான் சொன்ன பட்டன் தேய்ந்திருக்கிறது. அதே திரையில் செட், ரிசியூம், கேன்சல் பட்டன்களின் நிலையும் பெரும்பாலும் வரும். ஒவ்வொன்றாக அழுத்தி அது மாறுகிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆன்லைனில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் புளூடூத் ஓபிடி கருவிகள் (செல்போனோடு இணையும் சின்ன ஸ்கேனர்கள்) பெரும்பாலும் பொதுவான இஞ்சின் தகவல்களை மட்டும் படிக்கும். பெடல் சுவிட்ச், குரூஸ் பட்டன் எல்லாம் அவற்றில் வராமல் போகலாம். உங்கள் கம்பெனி வண்டியை முழுதாகப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைத் தேடிப் போங்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். போகும்போது "ஃபால்ட் பாருங்க" என்று சொல்லாமல் "பெடல் சுவிட்ச் லைவ் டேட்டா பாக்கணும்" என்று கேளுங்கள். கேட்கிற விதத்திலேயே வேலையின் தரம் மாறும்.

ஸ்கேனர் கிடைக்கவில்லை என்றால் மல்டிமீட்டர் போதும். சாவியை ஆஃப் செய்து, ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழையுங்கள். பிரேக் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றினால் சாதாரணமாக நாலு பின் இருக்கும். ஒரு ஜோடி பெடலைத் தொடாதபோது சேர்ந்திருக்கும், இன்னொரு ஜோடி மிதித்தால் சேரும். சேர்ந்திருக்கும் நிலையில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். பத்து, இருபது, நூறு என்று காட்டி ஆடிக்கொண்டிருந்தால் அந்த சுவிட்ச் முடிந்தது. சில வண்டிகளில் காண்டாக்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் சென்சார் வகை சுவிட்ச் வரும். அதில் ஓம் பார்த்துப் பயனில்லை, லைவ் டேட்டாதான் வழி.

கனெக்டரில் களிம்பு தெரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பின்னின் மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே இன்னும் மோசமாகும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, இரண்டு மூன்று முறை செருகிக் கழற்றி, நன்றாகக் காயவிட்டு, ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவிச் செருகுங்கள். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கிரீஸ் ஒரு டியூப் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சுவிட்சே மாற்ற வேண்டியிருந்தால் புதியதை மாட்டும் முறையில் கவனம் வேண்டும். பல வண்டிகளில் அது தானாக அளவு பிடித்துக்கொள்ளும் வகை. குமிழை முழுதாக வெளியே இழுத்து, பெடலை மிதித்துப் பிடித்தபடி சுவிட்சைச் செருகித் திருப்பி, பிறகு பெடலை விட வேண்டும். அப்போதுதான் இடைவெளி சரியாக அமையும். இந்த வகையில் பலதும் ஒரு முறைதான் அளவு பிடிக்கும். கழற்றிய பழையதையே திரும்ப மாட்டினால் கோளாறு தொடரும். கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும் என்பதால் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி செய்யச் சொல்லுங்கள். இவ்வளவு செய்தாலும் செலவு ஈசியூ விலையின் பக்கத்தில்கூட வராது. பழைய ஈசியூ வாங்கிப் போட்டால் சாவியின் இம்மொபிலைசரோடு (திருட்டுத் தடுப்பு அமைப்போடு) அதை இணைக்கும் வேலை தனி. இணையாவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஓடுகிற வண்டியை நிற்க வைத்துவிடும் வேலை அது.

பெடல் இரண்டும் சுத்தம் என்று தெரிந்தால் மற்றவற்றைப் பார்க்கலாம். பிரேக் பல்பைச் சமீபத்தில் எல்இடியாக மாற்றினீர்களா? சில வண்டிகளில் பல்பு உயிரோடு இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் சோதிக்கும். சில பழைய வண்டிகளில் குரூஸுக்கான எர்த்தே பிரேக் பல்பின் வழியாகத்தான் வரும். எல்இடி போட்டதும் அந்தக் கணக்கு தப்பி குரூஸ் மறுத்துவிடும். பழைய பல்பை மாட்டிப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை.

பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எரிந்தாலும் பல வண்டிகளில் குரூஸ் வராது. சக்கரத்தின் வேகத் தகவலை நம்ப முடியாது என்று அர்த்தம். குளச்சல் ரோட்டில் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அது நேராகச் சக்கரத்துக்குள் தெறிக்கிறது. சென்சாரைச் சுற்றித் துரு பொங்கி, அதன் நிலையே தள்ளிப்போவதுண்டு. உங்களுக்கு ஏபிஎஸ் விளக்கு இல்லை என்பதால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாரம் ஒரு முறை வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

ஸ்டியரிங் பட்டன்களில் மெயின் வேலை செய்து செட் மட்டும் வேலை செய்யாமல் போகவும் வாய்ப்புண்டு. பல வண்டிகளில் எல்லாப் பட்டனும் ஒரே வயரில்தான் பேசுகின்றன. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ், அந்த அளவை வைத்து எது அழுத்தப்பட்டது என்று ஈசியூ கண்டுபிடிக்கிறது. பட்டனுக்கு அடியில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் அளவு மாறிவிடும். ஹாரன், ஆடியோ பட்டன், ஏர்பேக் விளக்கு எல்லாம் சேர்ந்து தகராறு செய்தால் கோளாறு ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங்கில் இருக்கலாம். அதை நீங்களாகத் தொட வேண்டாம். அங்கே ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம்வரை காத்திருந்து, விஷயம் தெரிந்தவர்தான் திறக்க வேண்டும். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் நிறக் கனெக்டரில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வண்டி நிறுத்துபவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு உப்பைவிட எலிதான் எதிரி. பானெட்டைத் திறந்து வயரிங் கட்டின் மறைவான பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

கேபிளும் வேக்கமும் (காற்றை உறிஞ்சும் விசையும்) வைத்து இயங்கும் பழைய குரூஸ் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் சிலரும் உண்டு. அதில் தேடும் வழி வேறு. இஞ்சினிலிருந்து வரும் சன்னமான ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் குரூஸ் பிடிக்காது, பிடித்தாலும் வேகம் ஏறி இறங்கும். ஹோஸின் இரண்டு முனையையும் வளைத்துப் பாருங்கள், விரிசல் பெரும்பாலும் முனையில்தான் வரும். பிரேக் பெடலில் எலக்ட்ரிக் சுவிட்சோடு காற்றைத் திறந்துவிடும் ஒரு வால்வும் இருக்கும். அது ஒழுகினாலும் இதே கதைதான். பழைய பென்ஸ் வண்டிகளில் குரூஸின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சால்டரிங் விட்டுப்போவது பிரசித்தம். டிவி ரிப்பேர் செய்கிறவர்கூட அதைத் திரும்பச் சால்டர் பண்ணி உயிர் கொடுத்துவிடுவார்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. யாராவது, "சுவிட்சுக்கு வர்ற ரெண்டு வயரையும் நேரா ஜாயின்ட் அடிச்சா குரூஸ் வந்துரும்" என்று சொன்னால் அந்த இடத்தைவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சொன்னபடி குரூஸ் வரலாம். ஆனால் நீங்கள் பிரேக்கை மிதித்த தகவல் ஒரு வழியில் ஈசியூவுக்கு எப்போதும் போகாது. ஒரு காண்டாக்ட் ஏமாற்றினாலும் மற்றது காப்பாற்ற வேண்டும் என்றுதான் இரண்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காவலை எடுத்துவிட்டு நாங்குநேரி தாண்டி நூறில் போகும்போது முன்னால் ஒரு லாரி பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிரேக் சுவிட்ச் சின்னப் பொருள்தானே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி, குரூஸை நிறுத்தும் ஒரு சுவிட்சுக்குள் பிரேக் ஆயில் கசிந்து தீப்பிடித்ததால் 2009 வரை ஒரு கோடிக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த சுவிட்சுக்கு எப்போதும் கரண்ட் இருந்ததால் நிறுத்தி வைத்த வண்டியும் எரிந்தது.

சரிசெய்த பிறகு எங்கே ஓட்டிப் பார்ப்பது? நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை போகும் ரோடு இதற்கு ஆகாது. பஸ், பைக், வளைவு, குறுக்கே வரும் ஆட்டோ. குரூஸ் போட்டுப் பார்க்க அங்கே இடமே இல்லை. ஆரல்வாய்மொழி கணவாயிலும் வேண்டாம். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் அந்தக் காற்று, உயரமான எஸ்யூவியைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே கையும் காலும் முழுக் கவனத்தில் இருக்க வேண்டும். காவல்கிணறு தாண்டி வள்ளியூர் பக்கம் நான்குவழிச் சாலையில், மழை இல்லாத நாளில், காலையில் பாருங்கள். பல வண்டிகளில் 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே குரூஸ் செட் ஆகாது. 60, 70 எடுத்துக்கொண்டு மேல் கியரில் செட் செய்யுங்கள். ஈர ரோட்டில் குரூஸ் போடவே வேண்டாம். டயர் தண்ணீரில் மிதந்து வழுக்கும் நேரத்தில் வேகத்தைக் குறைக்க உங்கள் கால் தயாராக இருக்க வேண்டும்.

பிடித்ததும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்னால் வண்டி இல்லாத நேரத்தில் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். வண்டி வேகம் குறைகிற அளவுக்கு மிதிக்க வேண்டாம், பெடல் அசைந்தால் போதும். குரூஸ் உடனே விட்டுவிட வேண்டும். மறுபடி செட் செய்து கிளட்ச்சில் பாருங்கள். மறுபடி செட் செய்து கேன்சல் பட்டனில் பாருங்கள். மூன்றில் ஏதாவது ஒன்றில் விடாவிட்டாலும் மெயின் பட்டனை ஆஃப் செய்துவிட்டு அப்படியே திரும்பி வாருங்கள். அது சரியாகும்வரை சென்னைப் பயணத்துக்கு உங்கள் கால்தான் குரூஸ். எல்லாம் பார்த்தும் செட் ஆகவில்லை என்றால், பெடலைத் தொடாதபோதும் மிதித்தபோதும் லைவ் டேட்டா திரை எப்படி இருந்தது என்று போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடுத்து எந்த வயரைப் பின்தொடர வேண்டும் என்று பார்க்கலாம்.